சமத்துச் சுறா

மிளகு அன்று வகுப்பில் வாயை விட்டிருக்கவே கூடாது.

எல்லாம் மதிய இடைவேளையில் ஆரம்பித்தது. அவள் வகுப்பில் இடி என்று ஒரு பையன் இருந்தான். வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் அவன் குரலை ஒரு தடவை கேட்டவர்கள் அந்தப் பெயரை மறந்துவிடுவார்கள். அவன் “உள்ளேன் டீச்சர்” என்று சொன்னால் பக்கத்து வகுப்பிலும் அவனுக்கு வருகை போட்டுவிடுவார்கள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

“எங்க மாமா வீட்டு நாய் கை குடுக்கும், தெரியுமா!” என்றான் இடி. ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறா பறந்து போனது.

நாய் கை கொடுப்பது ஒரு பெரிய விஷயமா? மிளகுக்குப் பொறுக்கவில்லை.

“எங்க அம்மா வளர்க்குற சுறா நடக்கும்!” என்று சொல்லிவிட்டாள்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது.

“சுறா... நடக்குமா?”

“ஆமா. முன் துடுப்பு ரெண்டையும் தரையில ஊனி ஊனி நடக்கும்.”

“அப்புறம்? சைக்கிள் ஓட்டுமா?” என்றான் இடி. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மிளகுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆள் சின்னவள்தான்; ஆனால் பேச்சில் காரம் குறையாது. அதனால்தான் அவளுக்கு அந்தப் பெயர். “நம்பாட்டி போங்க! வந்து பாத்தா தெரியும்!” என்றாள்.

அதுதான் வம்பாகிவிட்டது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த டீச்சர், “அட, நல்ல யோசனையா இருக்கே! வெள்ளிக்கிழமை எல்லாரும் மீன் காட்சியகத்துக்குப் போயிட்டு வந்துடலாம்” என்றார்.

வகுப்பு முழுவதும் கைதட்டியது. மிளகு மட்டும் தட்டவில்லை.

அவள் சொன்னது பொய் இல்லை. அந்தச் சுறா நிஜமாகவே நடக்கும். ஆனால் ஆட்கள் இருக்கும்போது நடக்காது. அதைத்தான் அவள் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

* * *

மிளகின் அம்மாவுக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் சின்ன மீன் காட்சியகத்தில் வேலை. தொட்டிகளைக் கழுவுவது, தண்ணீரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, இறாலையும் கணவாயையும் துண்டு துண்டாக நறுக்கி மீன்களுக்குப் போடுவது எல்லாம் அவர்தான். எத்தனை சோப்பு போட்டுக் கழுவினாலும் அம்மாவின் கையில் லேசாக மீன் வாசம் இருக்கும். மிளகுக்கு அது பழகிவிட்டது. பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் வருவாள். அம்மா வேலை முடியும்வரை கடைசி அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்.

அந்தக் கடைசி அறையில்தான் சுறா இருந்தது.

காட்சியகத்தின் வாசலில் ஒரு பெரிய பலகை உண்டு. அதில் வாயைப் பிளந்த ஒரு சுறா, ரம்பம் போலப் பற்களைக் காட்டிக்கொண்டு பாயும். அதைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவர்கள் கடைசித் தொட்டிக்கு வந்ததும் ஏமாந்து போவார்கள்.

ஏனென்றால் இது மூங்கில் சுறா. ஒரு கை நீளம்தான் இருக்கும். பழுப்பு நிறம். ஒல்லியான உடம்பு. வாய்க்குப் பக்கத்தில் பூனைக்கு இருப்பதுபோல இரண்டு குட்டி மீசை. கடலின் அடித்தரையில் பாறைக்கும் பவளத்துக்கும் நடுவே வாழ்கிற இனம். பகல் முழுக்கப் பாறை இடுக்கில் தலையைச் செருகிக்கொண்டு படுத்திருக்கும். வால் மட்டும் வெளியே தெரியும்.

“ஐயோ, இது செத்துப்போச்சு!” என்று தினமும் யாராவது ஒருவர் சொல்லிவிட்டுப் போவார்.

“சாகலைங்க. செவுளைப் பாருங்க, அசையுது” என்று அம்மாவும் தினமும் பதில் சொல்வார்.

மிளகுக்கும் முதலில் அது புரியவில்லை. “சுறான்னா நீந்திக்கிட்டே இருக்கணும், நின்னா மூச்சு நின்னுடும்னு சொல்வாங்களே அம்மா?”

“சில சுறாவுக்கு அப்படித்தான். இவளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. படுத்த இடத்துலயே வாயால தண்ணிய இழுத்துச் செவுள் வழியா விட்டுக்குவா. நீ சோபாவுல படுத்துக்கிட்டு மூச்சு விடுறே இல்ல, அந்த மாதிரி.”

அம்மா அதற்குச் சமத்து என்று பெயர் வைத்திருந்தார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. போட்டதைச் சாப்பிட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு இருக்கும்.

ஆனால் மாலையில் காட்சியகத்தை மூடி, விளக்குகளை அணைத்த பிறகு பார்க்க வேண்டும்! பாறை இடுக்கிலிருந்து முதலில் மீசை வரும். பிறகு தலை வரும். சமத்து தன் துடுப்புகளை மணலில் ஊன்றி, இடுப்பை இப்படியும் அப்படியும் வளைத்து, தெருவில் உலாப் போகிற மாதிரி தொட்டியைச் சுற்றி வரும். அம்மா கதவைப் பூட்டிக்கொண்டு வரும் அந்தச் சில நிமிடங்கள், மிளகு கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அதைப் பார்ப்பாள்.

அதை வேறு யாரும் பார்த்ததில்லை. மேனேஜர்கூடப் பார்த்ததில்லை.

* * *

வியாழக்கிழமை மாலை மேனேஜர் கடைசி அறைக்கு வந்தார். அவர் நல்ல மனிதர்தான். பெரிய சாவிக் கொத்தை எப்போதும் ஆட்டிக்கொண்டே பேசுவார்.

“அம்மா, ஒரு விஷயம். இந்தச் சுறாவை வேற ஊருக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன்” என்றார். சாவிக் கொத்து கலகலவென்றது. “ஜனங்க ஓடியாடுற மீனைத்தான் பாக்க வர்றாங்க. இது தொட்டியை அடைச்சுக்கிட்டுத் தூங்குது. திங்கக்கிழமை வண்டி வரும்.”

அம்மா கையிலிருந்த துணியால் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

“அது ராத்திரி ஜீவன் சார். பகல்ல எப்படி ஆடும்?”

“எனக்குப் புரியுது. டிக்கெட் வாங்கினவங்களுக்குப் புரியணுமே.”

அவர் போன பிறகு மிளகு அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். நாளைக்கு வகுப்பே வரப்போகிறது என்று அப்போதுதான் சொன்னாள். நாயின் கதையையும் சைக்கிள் கதையையும் சொன்னாள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வகையா மாட்டிக்கிட்டியா?”

“சிரிக்காதேம்மா. அது வரலேன்னா என்னைப் பொய்க்காரின்னு சொல்வாங்க. திங்கக்கிழமை அதுவும் போயிடும். அப்புறம் நான் யாருக்கும் காட்டவே முடியாது.”

அம்மா அவள் தலையைத் தடவினார். மீன் வாசம் வந்தது.

* * *

வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பு வந்து இறங்கியது. முதல் அறையில் கோமாளி மீன்களைப் பார்த்து ஆரவாரம். இரண்டாவது அறையில் கடல் குதிரைகளைப் பார்த்து அதைவிட ஆரவாரம். கடைசி அறைக்குள் மிளகு எல்லோருக்கும் கடைசியாக நுழைந்தாள்.

“எங்கே? எங்கே நடக்குற சுறா?”

“அதோ... அந்தப் பாறைக்கு அடியில.”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு பழுப்பு வால் தெரிந்தது. அவ்வளவுதான்.

“இது செத்துப்போச்சு!” என்றான் இடி. அவன் குரலில் கண்ணாடியே அதிர்ந்தது. அது போதாதென்று கையால் டொக் டொக்கென்று தட்டினான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். “ஏய் சுறா! எழுந்திரு! நட!”

வால் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

மேனேஜருக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மூலையில் இருந்த நீளக் கம்பை எடுத்தார். “கொஞ்சம் இருங்க. லேசாத் தள்ளி விடுறேன். வெளியே வந்துடும்.”

மிளகின் மனசில் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ‘ஆமாம், தள்ளட்டுமே’ என்று தோன்றியது. தள்ளினால் சமத்து வெளியே வரும். எல்லோரும் பார்ப்பார்கள். அவள் சொன்னது உண்மை என்று தெரிந்துவிடும்.

ஆனால் கம்பு தண்ணீரைத் தொடுவதற்குள் அவள் தொட்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

“வேணாம் அங்கிள்! அது தூங்குது. எங்க தம்பிய தூக்கத்துல எழுப்பினா வீடே ரெண்டாயிடும். அவன் நடந்து காட்டமாட்டான், அழத்தான் செய்வான்.”

டீச்சர் சிரித்துவிட்டார். மேனேஜரும் கம்பைக் கீழே வைத்தார். “சரிம்மா. அப்போ நீயே சொல்லு, என்ன பண்ணலாம்?”

மிளகு யோசித்தாள். சமத்துக்கு என்ன வேண்டும்? இருட்டு வேண்டும். அமைதி வேண்டும். ராத்திரிவரை வகுப்பு இங்கே இருக்க முடியாது. சரி, ராத்திரி வராவிட்டால் என்ன? அதை நாமே வரவழைக்கக் கூடாதா?

“அம்மா, இந்த ரூம் ஜன்னலை மூட முடியுமா? விளக்கையும் அணைக்கணும்.”

“முடியுமே” என்றார் அம்மா. அவர் கண் பளிச்சிட்டது. “தொட்டி கழுவுற அன்னைக்கு மூடுற தார்ப்பாய் இருக்கு. ஆனா ஒண்ணு. ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் அது வராது.”

எல்லோருடைய கண்களும் இடியின் பக்கம் திரும்பின.

“என்னை ஏன் பாக்குறீங்க?” என்றான் அவன், அறை அதிர.

“அவனை வெளியே உட்கார வைங்க டீச்சர்” என்றாள் ஒரு பெண்.

இடியின் முகம் வாடிப் போனது. அவன் தலையைக் குனிந்துகொண்டு கதவுப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தான். அவனை வெளியே அனுப்புவது புதிது இல்லை போலிருக்கிறது.

சைக்கிள் ஓட்டுமா என்று கேட்டுச் சிரித்தவன் அவன்தான். போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் மிளகுக்கு மனசு கேட்கவில்லை.

“அவன் போக வேணாம். அவனுக்கு ஒரு வேலை இருக்கு” என்றாள். அம்மாவின் டார்ச்சை எடுத்து, அதன் வாயில் அலமாரியில் கிடந்த சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டாள். “சிவப்பு வெளிச்சம் சுறா கண்ணுக்கு அவ்வளவாத் தெரியாதாம். இதை நீதான் பிடிச்சுக்கணும். கை ஆடக் கூடாது. ஆடினா பயந்துடும்.”

இடி டார்ச்சைக் கண்ணாடிக் கிண்ணத்தை வாங்குவது போல வாங்கிக்கொண்டான். வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினான்.

* * *

தார்ப்பாய் இறங்கியது. விளக்கு அணைந்தது. அம்மா கணவாய்த் துண்டு ஒன்றைத் தொட்டியின் நடுவே மணலில் புதைத்து வைத்தார். எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். இடி மட்டும் தொட்டியின் பக்கவாட்டில் மண்டியிட்டு, சிவப்பு வெளிச்சத்தை மணல்மேல் விழும்படி பிடித்துக்கொண்டான்.

காற்று மோட்டார் குமிழி விடும் சத்தம் மட்டும் கேட்டது.

ஒன்றும் நடக்கவில்லை.

யாரோ ஒருவர் கால் மரத்துப்போய் நெளிந்தார். மேனேஜர் பழக்க தோஷத்தில் சாவிக் கொத்தை ஆட்டினார். “உஷ்!” என்று வகுப்பே அவரை அதட்டியது. அவர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அப்பாவியாக நின்றார்.

இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. மிளகு மனசுக்குள், “வா சமத்து, வா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பாறை இடுக்கில் இரண்டு குட்டி மீசைகள் தெரிந்தன.

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். மீசைக்குப் பின்னால் தலை வந்தது. பிறகு ஒரு துடுப்பு. பிறகு இன்னொன்று. சமத்து துடுப்புகளை மணலில் ஊன்றியது. ஒரு பக்கம் வளைந்து ஓர் எட்டு. மறு பக்கம் வளைந்து இன்னோர் எட்டு.

சுறா நடந்தது!

கத்த வேண்டும் போல எல்லோருக்கும் இருந்தது. யாரும் கத்தவில்லை. ஒரு பெண் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி பக்கத்தில் இருந்தவன் வாயைப் பொத்தினாள்.

சமத்து மணலை மோந்துகொண்டே வந்தது. கணவாய் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியும். சரியாக அந்த இடத்தில் நின்றது. வாயை மணலில் வைத்து ‘சுர்ர்’ என்று ஓர் உறிஞ்சு. மணலும் கணவாயும் ஒன்றாக உள்ளே போயின. அடுத்த நொடி கணவாய் வயிற்றுக்குப் போனது; மணல் செவுள் வழியாகப் புகை போல வெளியே வந்தது.

“பல் இருக்கா?” என்று ஒருவன் மிளகின் காதில் கிசுகிசுத்தான்.

“இருக்கு. சின்னச் சின்னதா. நண்டு ஓட்டையே நொறுக்கிடும்” என்று அவளும் கிசுகிசுத்தாள்.

அப்போது பக்கவாட்டிலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. யார் குரல் என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. அது இடியின் குரல். அவனிடம் அப்படி ஒரு குரல் இருப்பது அவனுக்கே அன்றுதான் தெரிந்திருக்கும்.

“மிளகு... யாரோ பர்ஸை உள்ளே போட்டுட்டாங்க.”

“பர்ஸா?”

“பாறைக்குப் பின்னாடி. பழுப்பா, நூல் நூலா தொங்குது.”

அவன் டார்ச்சை மெதுவாகத் திருப்பினான். பாறையின் பின்பக்கம், பெரியவர்களின் கை நுழையாத ஓர் இடுக்கில், தோல் பை மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. முன்னால் இருந்த மிளகுக்கு வெளிச்சம் அந்தப் பைக்குள் ஊடுருவி வருவது தெரிந்தது. உள்ளே ஒரு உருண்டை. உருண்டைக்குப் பக்கத்தில் நூல் மாதிரி ஏதோ ஒன்று.

அந்த நூல் நெளிந்தது.

“அம்மா!” என்றாள் மிளகு. “இது முட்டை! உள்ளே குட்டி இருக்கு!”

அம்மா ஒரே தாவலில் வந்து மண்டியிட்டார். “அவ அப்பப்போ வெறும் முட்டை போடுவா. நான் எடுத்துடுவேன். இது என் கண்ணுல படவே இல்லையே! ஆனா ஆண் சுறாதான் இங்கே கிடையாதே சார்?”

மேனேஜர் தாடையைத் தடவினார். “இங்கே இல்லை. போன வருஷம், இங்கே வர்றதுக்கு முன்னாடி அது இருந்த பெரிய தொட்டியில ஆண் சுறா இருந்துச்சு. இந்தச் சாதிக்கு அப்படி உண்டும்மா. எப்பவோ சேர்ந்திருந்தாக்கூட ரொம்ப மாசம் கழிச்சு முட்டையில குட்டி உருவாகும்னு படிச்சிருக்கேன்.”

சொல்லிவிட்டு அவரும் குனிந்து பார்த்தார். அவர் பார்த்த அதே நேரத்தில் அந்த நூல் குட்டி மறுபடி ஒரு துள்ளல் துள்ளியது. மேனேஜர் இரண்டு அடி பின்னால் போய் டீச்சர்மேல் மோதிக்கொண்டார்.

“சார், திங்கக்கிழமை வண்டி...” என்று அம்மா ஆரம்பித்தார்.

“எந்த வண்டி?” என்றார் மேனேஜர். “பிள்ளை வயித்துல... இல்ல, முட்டையில இருக்கும்போது யாராவது வீட்டை விட்டு அனுப்புவாங்களா? நல்லாயிருக்கே!” பிறகு வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் ஏமாற்றம் இல்லை. “தினமும் சாயங்காலம் இந்த ரூமை இப்படியே இருட்டாக்கி வெச்சா என்ன? உட்கார்ந்து பாக்க முடிஞ்சவங்க பாக்கட்டும்.”

வெளியே வந்த பிறகுதான் எல்லோரும் அடக்கி வைத்த கத்தலைக் கத்தித் தீர்த்தார்கள். சாலையில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“சுறா நடந்துச்சு!” என்றான் இடி. கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

* * *

அம்மா பாறையை மெதுவாக நகர்த்தி, அந்த முட்டையைப் பத்திரமாக எடுத்து, பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டியில் தொங்கவிட்டார். வாரத்துக்கு ஒரு நாள் வகுப்பிலிருந்து யாராவது வந்து சிவப்பு டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். உருண்டை சின்னதாகிக்கொண்டே வந்தது. குட்டி பெரிதாகிக்கொண்டே வந்தது. உருண்டைதான் அதற்குச் சாப்பாடு. வாலுக்கு ஒரு வடிவம் வந்தது. பிறகு கண்ணுக்கு. பிறகு பைக்குள் திரும்பிப் படுக்கக்கூட இடம் போதவில்லை.

அது வெளியே வரும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. ஆனால் சமத்தின் குட்டி யாரையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. பரீட்சை நாளாகப் பார்த்து வந்துவிட்டது.

அன்று மிளகு பள்ளியிலிருந்து ஓடி வந்தபோது முட்டைப் பை ஒரு ஓரம் திறந்து, காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா முன் அறையில் ஏதோ வேலையாக இருந்தார். அவருக்கு இன்னும் தெரியாது.

மிளகு தொட்டியை இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். கூழாங்கல்லுக்கு நடுவில் தேடினாள். ஓட்டுத் துண்டுக்கு அடியில் தேடினாள். கடைசியில் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால், மூலையில் கண்டுபிடித்தாள்.

அவள் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். சமத்தைப் போலப் பழுப்பு இல்லை. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக, யாரோ இப்போதுதான் வண்ணம் தீட்டி வைத்தது போல இருந்தது. மூக்கின் நுனியில் பொடி மீசை. கண்ணாடி ஓரமாகப் படுத்துக்கொண்டு, செவுளைத் திறந்து மூடி, திறந்து மூடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

வாசலில் வகுப்புப் பிள்ளைகள் வந்து சேரும் சத்தம் கேட்டது. பரீட்சை எப்படி எழுதினோம் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மிளகு முழங்காலில் உட்கார்ந்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். குட்டியின் கண் அவளைப் பார்த்தது போல இருந்தது. ஆசை தீரக் கொஞ்ச நேரம் தான் மட்டும் பார்த்துக்கொண்டாள்.

பிறகு எழுந்து போய், எல்லோரையும் கூப்பிட்டாள்.